வாய்க்கட்டு

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பும் சலவைக்கூடம் அது. அங்கே அவளுக்குப் பூச்சி என்று பெயர். வாயில்லாப்பூச்சி என்று முதலில் சொன்னவள் அவளுடைய அண்ணி, அதாவது கணவனின் அக்கா. பெயர் நீளமாக இருக்கிறதென்று மற்றவர்கள் சுருக்கிக்கொண்டார்கள். பூச்சி என்று கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் யாரையோ என்று இருந்துவிடுவாள்.

பிறந்த வீட்டில் பிள்ளைகள் அதிகம். மூத்தவர்களுக்கு மரியாதை, இளையவர்களுக்குச் செல்லம் என்று பங்கு போட்டதில் நடுவில் பிறந்த அவளுக்கு மிஞ்சியது சும்மா இருப்பதுதான். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் கையைத் தூக்கமாட்டாள். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பதில் பெற்றவர்களுக்குள் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது.

புகுந்த வீட்டில் அண்ணியின் ராஜ்ஜியம். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் தம்பியோடு வந்து தங்கியவள், தம்பியை ஆளாக்கியதே தான்தான் என்ற நினைப்பு கொண்டவள். அந்த நினைப்பு பொய்யும் இல்லை. தம்பிக்கு ரொட்டி சுடும் கடையில் வேலை. இரவெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குவான். பேச்சுத்துணை இல்லாத வீட்டில் புதுப்பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்ட அண்ணி ஒருநாள் சொன்னாள்: "சுவத்தப் பாக்கறதுக்கு அங்க வந்து வெள்ளத் துணியப் பாரு. அதுவாவது அப்பப்ப மாறும்."

அப்படித்தான் அவள் உருளைக்கு வந்து சேர்ந்தாள்.

உருளை என்பது நெஞ்சளவு உயரமும் ஓர் அறையின் நீளமும் உள்ள இஸ்திரி இயந்திரம். ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். கொதிக்கும் இரும்புப் படுகைக்கும் சுழலும் உருளைக்கும் நடுவே புகுந்து மறுபக்கம் காய்ந்து வழவழவென்று வந்து விழும். அங்கே நிற்பவர்கள் மடிப்பார்கள். வாயில் நிற்பதுதான் கௌரவம். கூடத்தின் வேகம் அவர்கள் கையில் இருந்தது. அண்ணி இடது முனை. பூச்சி வலது முனை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே விரிப்பை உதறி ஒரே இழுப்பில் நேராக்கி உள்ளே விடுவார்கள். வீட்டில் பேசிக்கொள்ளாத நாட்களிலும் அது பிசகியதில்லை. பூச்சிக்கு ஒரு மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயதும் வந்தது, இரண்டு முனைகளிலும் ஆள் மாறவில்லை.

உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். விரலுக்காக வைத்த கம்பி, ஈரத்தில் தடித்த விரிப்பின் ஓரம் பட்டாலும் நிற்கும். நின்றால் உள்ளே இருக்கும் துணி மஞ்சளாகிவிடும். மறுபடி ஓடுவதற்குள் வேலை நாலு விரிப்பு பின்தங்கும். அதனால் கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு நாடாவைக் கிழித்துக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். அதற்கு வாய்க்கட்டு என்று பெயர். "வாயக் கட்டியாச்சா?" என்பதுதான் காலையில் அங்கே முதல் கேள்வி. சோதனைக்கு யாராவது வந்தால் அவிழ்ப்பார்கள். வந்தவர் படியிறங்குவதற்குள் கட்டிவிடுவார்கள்.

பழைய மேற்பார்வையாளர் இதைப் பார்த்ததே இல்லை. உருளையைக் கடக்கும்போது மட்டும் அவருக்குக் கூரையில் ஏதோ பழுது தெரியும். எதைச் சொன்னாலும் "மேல சொல்றாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தால் மேல சொல்றாங்க. ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னால் மேல சொல்றாங்க. அவருக்கு மேலிடம் என்று பட்டப்பெயர். மேலிடம் முதுகுவலி தாங்காமல் வேலையை விட்டபோது, அவர் இடத்துக்கு அண்ணிதான் வருவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அண்ணியும் நினைத்தாள்.

மேனேஜர் பூச்சியைக் கூப்பிட்டார். மெதுவாகப் பேசுகிற, கண்ணாடியை அடிக்கடி துடைக்கிற மனிதர்.

"உங்களுக்கு இங்க யார்கூடயும் பிரச்சினை இல்ல. அதான்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் மேற்பார்வையாளருக்கான நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தபோது அண்ணி ஏற இறங்கப் பார்த்தாள். "பரவால்லயே. நம்ம வீட்ல ஒருத்தருக்காவது பொத்தான் வெச்ச கோட்டு கெடச்சுதே" என்றாள். உதறிய விரிப்பின் ஓசையில் மற்றதெல்லாம் இருந்தது. வலது முனைக்கு மைனா என்ற இளம்பெண் வந்தாள். வாய் ஓயாதவள்.

நீலக் கோட்டு போட்ட முதல் வாரத்திலேயே அவள் வாயிலிருந்து "மேல சொல்றாங்க" வந்தது. சொல்லி முடித்தபின்தான் யாருடைய குரல் என்று தெரிந்தது. ஆனால் வேலை நடந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் புதிய மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி என்று ஓர் ஓட்டலின் கூட்ட அறைக்கு அனுப்பினார்கள். டை கட்டிய இளைஞர் பலகையில் வட்டங்கள் போட்டார். உத்தரவு போடாதீர்கள், 'நாம' என்று பேசுங்கள் என்றார். பிறகு இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஊழியரிடம் கஷ்டமான விஷயத்தைச் சொல்லிப் பழகச் சொன்னார். அவளுக்கு ஜோடியாக வந்தவர் ஒரு பெரிய சமையல்கூடத்தின் மேற்பார்வையாளர், கனத்த உடம்புக்காரர்.

"நீங்க லேட்டா வர்ற ஆளு. நான் உங்களக் கேக்கணும்" என்றார். கேட்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, எனக்குத் திட்ட வரும். இருவது வருஷமா திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லத்தான் வரமாட்டேங்குது."

"எனக்கு ரெண்டும் வராது" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். பயிற்சியாளர் வந்து, நன்றாகப் பழகுகிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வந்ததும், "இன்னிக்கு நாம கொஞ்சம் வேகமா முடிக்கலாமா?" என்று கேட்டாள்.

அண்ணி கையை நிறுத்தவில்லை. "நாமன்னா? நீ எந்த முனையப் பிடிக்கப் போற?"

மைனா களுக்கென்று சிரித்தாள். மடிக்கும் பக்கமும் சிரிப்பு போனது. அன்றைக்குச் சாயங்காலம்வரை, "நாம தண்ணி குடிக்கலாமா", "நாம ஒண்ணுக்குப் போகலாமா" என்று கூடம் முழுக்க ஒரே நாமமாக இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அது நின்றுவிட்டது.

பிறகு ஒருநாள் காலை, வீட்டில் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கத் துணியைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணி வந்து, "எதுக்கு இந்தத் தேடு தேடற" என்று வெறுங்கையால் விளிம்பைப் பிடித்து இறக்கி வைத்தாள். அவசரமில்லாமல் வைத்தாள். கையை உதறவில்லை. விரல் நுனிகளில் தோல் வெளுத்துச் சுருங்கியது.

அவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பழைய கொப்புளங்கள் இருந்தன. சில உடைந்து காய்ந்திருந்தன.

"சுடலயா அண்ணி?"

"ரொம்ப நாளா மரத்துக் கெடக்கு. சக்கரதான், வேறென்ன." அண்ணி கையை உருவிக்கொண்டாள். "வெளிய மூச்சு விட்டே, பாத்துக்க. தெரிஞ்சா அந்த மேனேஜர் என்ன வீட்டுக்கு அனுப்பிடுவான். அப்புறம் நானும் இந்தச் சுவத்தத்தான் பாக்கணும்."

அன்று உருளைக்கு முன்னால் போய் நின்றபோது நாடா கட்டிய கம்பி அவள் கண்ணில் பட்டது. தினமும் பட்டதுதான். தானே எத்தனையோ முறை கட்டியதுதான். சூடு தெரிந்தால் கை தானாகப் பின்னால் வரும், கம்பி இல்லாவிட்டாலும் அதுதான் எல்லோருக்கும் காவல் என்று அவளுக்குத் தெரியும். அண்ணிக்கு இப்போது அந்தக் காவலும் இல்லை. அண்ணியின் விரல்கள் விரிப்போடு விளிம்புவரை போய்ப்போய்த் திரும்பின. அவள் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டும் என்று நாட்களைக் கடத்தினாள். வீட்டில் சொல்ல வாயெடுத்தால் அண்ணி வேறு பேச்சை எடுப்பாள். கணவனிடம் சொன்னாள். "அக்காகிட்ட யாரு சொல்றது? நானா?" என்று போர்வையை இழுத்துக்கொண்டான். கடைசியில் ஒருநாள் கூடத்தில், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னாள்.

"மேல சொல்றாங்க... ரொம்ப வருஷமா வாய்ல நிக்கறவங்கள மடிப்புக்கு மாத்தணுமாம்."

அண்ணி விரிப்பைக் கீழே போட்டாள். ஏப்ரனோடு மாடிப்படி ஏறி மேனேஜர் அறைக்குள் போனாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"மேலன்னா எந்த மேல? மொட்டமாடியா?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பூச்சியாக இருந்தபோது அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அண்ணி அருகில் வந்து தணிந்த குரலில், "எங்கிட்டயே மேலிடம் வேல காட்டுறியா நீ" என்றாள். தூக்கிக்கட்டிய கம்பியின் நாடாவை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு, இடது முனைக்குப் போய் நின்றுகொண்டாள்.

மழை தொடங்கியது. நகரத்தில் காய்ச்சல் பரவியது. மருத்துவமனைகளில் தரையிலும் நோயாளிகள் கிடந்தார்கள். அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்தன. துவைக்கும் பகுதியில் இருந்தவர் அவசரத்தில் பிழிவதைப் பாதியில் நிறுத்தித் தள்ளுவண்டியில் ஏற்றினார். சொட்டச் சொட்ட வந்தது. வெளியே லாரி காத்திருந்தது. அண்ணியும் மைனாவும் பேயாக விரிப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மடிக்கும் பக்கத்திலிருந்து திரும்பியபோது, ஒரு விரிப்பின் ஓரம் அண்ணியின் விரலில் சுற்றியபடி உள்ளே போவதைப் பார்த்தாள். வேறு யாராயிருந்தாலும் சூடு தட்டியதும் கையை வெடுக்கென்று இழுத்திருப்பார்கள். அண்ணி மைனாவைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கை துணியோடு போய்க்கொண்டிருந்தது.

தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை அவள் அடித்தாள். உள்ளங்கை வலித்தது.

உருளை முனகி நின்றது. கூடத்தில் அவள் கேட்டேயிராத அமைதி. அண்ணியின் விரல் நுனிகள் விளிம்பின்மேல் இருந்தன. அவள் போய் அவற்றை எடுத்துவிட்டாள். துணி பொசுங்கும் வாசனை வந்தது.

"கிறுக்குப் பிடிச்சிடுச்சா உனக்கு? துணி தீயுது பாரு!" என்றாள் அண்ணி. தன் கையைப் பார்க்கவில்லை.

அவள் மடிப்பு மேசையிலிருந்த கத்தரியை எடுத்து நாடாவை வெட்டினாள். முடிச்சு மேல் முடிச்சாக இருந்தது, அறுக்க நேரமாயிற்று. கம்பி கீழே விழுந்து ஆடியது.

மேனேஜர் இறங்கி வந்தார். "யார் நிறுத்தச் சொன்னது?"

கூடம் முழுக்க அவளைப் பார்த்தது.

"நான் நிறுத்தினேன் சார்."

"வெளிய லாரி நிக்குது."

"தெரியும் சார். வாயக் கட்டித்தான் ஓட்டிக்கிட்டு இருந்தோம். நானும் கட்டியிருக்கேன். இனிமே கட்டி ஓட்ட மாட்டோம்."

அவர் தொங்கும் கம்பியைப் பார்த்தார். அது கட்டப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, தெரியும் என்றும் சொல்ல முடியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னு யாரு முடிவு பண்ணது?"

"நான் சார்." ஆடிய கம்பியைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "என் கைக்குக் கீழ யாருக்காவது விரல் போச்சுன்னா, யாரு கட்டச் சொன்னாங்கன்னு அப்பக் கேப்பீங்க. இப்பவே கேட்டுக்குங்க."

"துணி இன்னிக்குப் போகணும். எப்படிப் போகும்னு நீங்களே பாத்துக்குங்க" என்றார் அவர். "போகலன்னா கோட்ட மேசமேல வெச்சிட்டுப் போங்க." படியேறிவிட்டார்.

அவள் அண்ணியைத் துணி அடுக்கும் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். சுற்றிலும் கூரைவரை வெள்ளை அடுக்குகள்.

"அண்ணி, இனிமே நீங்க வாய்ல நிக்கக் கூடாது. மடிப்புக்கு வந்துடுங்க."

"மேல சொன்னாங்களா?"

"இல்ல. நான் சொல்றேன்."

"நீயா." அண்ணி சிரிக்கப் பார்த்தாள். "உன்ன இங்க கூட்டிட்டு வந்தது யாரு? எப்படி முனையப் பிடிக்கணும்னு காட்டினது யாரு?"

"நீங்கதான்."

"அந்தாளுகிட்ட என்ன சொல்லப் போற? இவளுக்குக் கை செத்துப்போச்சுன்னா?"

"அத நான் சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏன் மாத்தினேன்னு கேட்டா, மாத்தினேன்னு சொல்வேன். அவ்வளவுதான்."

"ஊரே சிரிக்கும்டி. வாய்ல நின்னவ துணி மடிக்கறான்னு."

"சிரிக்கட்டும்."

அண்ணி அடுக்கில் கை வைத்து நின்றாள். "நீ வாயில்லாப்பூச்சியாவே இருந்திருக்கலாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கேட்டவளுக்கு அழுகை வந்தது. அதை அடக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. "மாத்த மாட்டேன் அண்ணி" என்றாள்.

வெளியே வந்து, துவைப்பவரிடம் போய், ஒவ்வொரு சுமையையும் முழுக்கப் பிழிந்து அனுப்பச் சொன்னாள். "நேரமாகுமே" என்றார் அவர். ஆகட்டும், ஓரம் தடிக்காமல் வந்தால் கம்பி தடுக்காது என்றாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மைனாவுக்கு எதிரே இடது முனையைப் பிடித்தாள். உருளை நின்றது, ஓடியது, நின்றது. மாலைக்கு மேல் நிற்பது குறைந்தது. மைனா அன்று பேசவே இல்லை. கடைசி வண்டித் துணி மட்டும் மறுநாள் காலைதான் போயிற்று. காலையில் மேனேஜர் உருளைப் பக்கமாக வந்து, கோட்டைப் பற்றிக் கேட்காமல் போனார். அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அண்ணி மடிப்பு மேசைக்கு வந்தாள். அவளோடு பேச்சை நிறுத்தினாள். வீட்டில் தம்பி மகளிடம் மட்டும் பேசினாள்: "சூப்பர்வைசரம்மாவுக்குச் சோறு வேணுமான்னு கேளு." மகள் அலுத்துப்போய், "ரெண்டடி தள்ளித்தான் நிக்கறாங்க அத்த, நீங்களே கேளுங்க" என்பாள். கணவன் ஒருநாள், "ரெண்டு பேருக்கு நடுவுல நான் என்ன பண்றது?" என்றான். "தூங்குங்க" என்றாள் அவள். அவளிடமிருந்து அப்படி ஒரு பதில் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தூக்கம் வராமல் கிடந்தான்.

கூடத்தில் அவளைப் பூச்சி என்று கூப்பிடுவது நின்றுபோனது. புதிதாக ஒரு பெயரும் வரவில்லை. கம்பியைக் கட்ட முதல் சில நாட்கள் யாராவது முயன்றார்கள். அவள் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. 'நாம'வும் இல்லை, 'மேல'யும் இல்லை. நான் ஒத்துக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். வாய்க்குப் போகும் முன் முனையை எப்படி விடவேண்டும் என்று மைனாவுக்கும் மற்றவர்களுக்கும் முறை வைத்துப் பழக்கினாள். எண்ணிக்கை இறங்கியது, மேனேஜர் முகம் சுளித்தார், பிறகு கொஞ்சம் ஏறியது, பழைய உயரத்துக்கு வரவில்லை. அண்ணியைப் பற்றி யார் கேட்டாலும், "மாத்தினேன்" என்பதற்கு மேல் அவள் சொல்லவில்லை. பதவி வந்ததும் நாத்தனாரைப் பழிவாங்கிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அண்ணியின் காதுக்கும் வந்திருக்கும்.

மழை விட்டபின் ஒரு மதியம். மடித்த அடுக்கை எடுத்த பெண் ஒருத்தி, "ஐயோ" என்றாள். மேல் விரிப்பில் ஒரு பொட்டு ரத்தம். ஈரமான, புதிய ரத்தம். சுத்தம் செய்த துணியில் அதைவிட மோசமானது அங்கே வேறில்லை. அடுத்த விரிப்பிலும் இருந்தது. அதற்கு அடுத்ததில் இழுவையாக இருந்தது. துவைத்தும் போகாமல் ஓர மடிப்புக்குள் ஊசி ஏதோ தங்கியிருக்கிறது, யாருக்கோ குத்தியிருக்கிறது.

"யாருக்குக் குத்துச்சு? சொல்லுங்கடி" என்றாள் மைனா.

"எனக்கில்ல."

"எனக்குமில்ல. குத்தினா தெரியாதா?"

அவள் வந்து நின்றாள். கேட்கவில்லை. யார் கையையும் பிடித்துப் பார்க்கவில்லை. அண்ணி இருந்த பக்கம் பார்க்கவேகூடாது என்று விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கைகளை நீட்டி, ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

அண்ணி தன் கைகளை முகத்துக்கு நேராகத் தூக்கினாள். உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பினாள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஊசி நின்றுகொண்டிருந்தது. மணிக்கட்டுவரை ரத்தம் வழிந்திருந்தது. இன்னொருவரின் கையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள்.

"எத்தன நாழியா இருக்கு இது" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மைனா வாயைப் பொத்திக்கொண்டாள். மேசையைச் சுற்றி நின்ற ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் புரிந்தது. புரிவது முகங்களில் தெரிந்தது.

"எனக்கு விரல்ல ஒண்ணும் தெரியறதில்ல" என்றாள் அண்ணி. எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள். "ரொம்ப நாளாவே."

கையை மேசைக்கு மேலே நீட்டினாள், தம்பி பெண்டாட்டியை நோக்கி.

"எடுத்து விடு."

அவள் ஊசியைப் பிடித்து நேராக இழுத்தாள். அண்ணியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவள்தான் பல்லைக் கடித்துக்கொண்டாள். கிழிசல் துணியால் விரலைச் சுற்றி, எவ்வளவு இறுக்கலாம் என்று தெரியாமல், "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டாள்.

"தெரிஞ்சாத்தானே" என்றாள் அண்ணி.

அவள் உருளையை நிறுத்தச் சொன்னாள். மைனாவிடம் கூடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அண்ணியின் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். இருவரும் மருத்துவரிடம் போக வெளியே வந்தார்கள். வெயிலில் கண் கூசியது. சாலையைக் கடக்கும்போது அண்ணி கட்டுப்போடாத கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று அண்ணிக்குத் தெரியவில்லை. நன்றாகவே வலித்தது. அவள் சொல்லவில்லை.